ரோஸ் கலரில் ஒரு டீ-ஷர்ட்



காலையில் நடக்கப் போகும்போது நான் போடுகிற ரோஸ் கலர் டீ-ஷர்ட்டைப் பற்றி இந்த மாதத்தில் மட்டும் நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். இரண்டு பேர் பழைய மாணவிகள். எங்கே வாங்கினீர்கள் டீச்சர், என்ன விலை, எங்கள் சைஸில் கிடைக்குமா என்று கேட்டார்கள். மூன்றாவது ஆள் பெங்களூரில் இருக்கும் பேத்தி. அவள் யோகா பாய், டம்பெல், பாட்டில் எல்லாம் அதே கலரில் வாங்கி அனுப்பட்டுமா என்றாள். நான்காவது ஆள் ஓர் உறவுக்காரர். அவர் கேட்டது வேறு மாதிரி. அதைப் பிறகு சொல்கிறேன். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி முடியவில்லை, அதனால் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். மணி அடித்த பிறகும் பாடத்தை விடாதவள் என்று உங்களுக்குத் தெரியும்.

நம் டவுன்ஷிப் சாலைகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1956-ல் நிறுவனம் தொடங்கி, வேலைக்கு வந்தவர்களுக்காக அளந்து திட்டம் போட்டுக் கட்டிய ஊர். வட்டத்துக்கு வட்டம் அகலமான ரோடு, இரண்டு பக்கமும் மரம். நான் இப்போது ஆர்ச் கேட்டுக்கு வெளியே குடியிருக்கிறேன் என்றாலும் நடக்க உள்ளேதான் வருகிறேன். காலை ஐந்தரை மணிக்கு பாரதி ஸ்டேடியம் பக்கம் வந்து பாருங்கள். ஆண்கள் அரை டிராயரும் பனியனுமாகக் கை வீசிப் போகிறார்கள். பெண்களில் பாதிப் பேர் நைட்டி, அதன் மேல் ஒரு துண்டு, காலில் ஹவாய் செருப்பு. மீதிப் பேர் சேலை. துண்டு நழுவாமல் ஒரு கை பிடித்துக்கொண்டிருக்கும், சேலைக்காரர்களுக்குக் கொசுவத்தைத் தூக்க ஒரு கை வேண்டும். இன்னொரு கையில் போனும் சாவியும். நடப்பதென்றால் கையும் சேர்ந்துதான் நடக்க வேண்டும். இரண்டு கையும் பூட்டிக்கொண்டு போவது கோயில் பிராகாரம் சுற்றுகிற மாதிரி. புண்ணியம் உண்டு, மூச்சு வாங்காது.

இவர்களாவது வெளியே வருகிறார்கள். விருத்தாசலத்தில் என் பெரியக்கா வெளியே வரவே இல்லை. சர்க்கரைக்கு நடக்கச் சொல்லியிருந்தார்கள். தெருவில் நடந்தால் நாலு பேர் பார்ப்பார்கள், நைட்டியோடு போக மனம் வரவில்லை, சுடிதார் போட்டுப் பழக்கமில்லை. மொட்டை மாடியில் நடக்கிறேன் என்று தினமும் மாடி ஏறினார். ஒரு நாள் சாயங்காலம் படியில் சேலைக் கரை காலில் மாட்டி விழுந்தார். இடுப்பெலும்பு முறிவு. அதன் பிறகு ஒன்பது மாதம் இருந்தார்.

சேலையைக் குறை சொல்ல எழுதவில்லை. முப்பத்தைந்து வருடம் அதைக் கட்டிக்கொண்டுதான் கரும்பலகை முன்னால் நின்றேன். 2017-ல் ஹைதராபாத் மாரத்தானில் ஜெயந்தி சம்பத்குமார் என்ற பெண்மணி சேலை கட்டிக்கொண்டே 42 கிலோமீட்டரையும் ஐந்து மணி நேரத்துக்குள் ஓடி முடித்தார். ஆனால் அவர் அதற்கென்று பழகி ஓடியவர். அறுபது வயதில் முட்டிவலியோடு முதல் முறையாக நடக்க ஆரம்பிப்பவருக்கு, காலில் சிக்காத உடுப்பு வேண்டும். உடற்பயிற்சி உடை என்றதும் விளம்பரத்தில் வருகிற ஒட்டிய உடுப்பு ஞாபகத்துக்கு வந்து, அது நமக்கில்லை என்று விட்டுவிடுகிறோம். அவ்வளவு வேண்டாம். மேலே ஒன்று, கீழே ஒன்று, காலுக்கு ஒன்று.

நான் எடுத்ததைச் சொல்கிறேன். இரண்டு டீ-ஷர்ட், ஒன்று 280 ரூபாய். ஒரு டிராக் பேண்ட் 420. ஷூ 750. மொத்தம் 1,730 ரூபாய். ஒரு சாதாரணக் கல்யாணத்துக்கு நாம் எடுக்கும் சேலையைவிடக் குறைவு.

டீ-ஷர்ட் நம் திருப்பூர் பனியன் துணிதான். பெண்கள் பகுதியில் கையும் குட்டை, நீளமும் குட்டை. கையைத் தூக்கினால் இடுப்பு தெரியும். ஆண்கள் பகுதிக்குப் போய் ரவுண்ட் நெக்கில் வெளிர் ரோஸ் கேட்டேன். கடைப் பையன் "சாருக்கா அம்மா?" என்றான். "எனக்குத்தான் தம்பி" என்றேன். நீளம் தொடை வரை வருகிறது, துப்பட்டா பற்றிய கவலையே இல்லை. துணியில் ஜி.எஸ்.எம். என்று ஒரு கணக்கு உண்டு. ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் அது. 140 என்றால் மெல்லிசு. 180 என்றால் கனம். அடர்ந்த கலரில் மெல்லிசாக எடுத்தாலும் பரவாயில்லை. வெளிர் ரோஸில் 180-க்குக் குறைந்தால் வியர்த்ததும் உள்ளே இருப்பது தெரியும். எண் போடவில்லை என்றால் சட்டைக்குள் கையை விட்டு விரலை விரித்துப் பாருங்கள். விரல் எண்ண முடிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

பருத்தியா பாலியஸ்டரா என்று கேட்டிருந்தீர்கள். நூறு கிராம் பருத்தி, காற்றிலிருந்தே எட்டு கிராம் அளவுக்கு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை கிராம்கூட இழுக்காது. அதனால்தான் பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டுக் கனத்துப் போகிறது, பாலியஸ்டர் சீக்கிரம் காய்கிறது. ஓடுகிறவர்களுக்கும் ஜிம்முக்குப் போகிறவர்களுக்கும் பாலியஸ்டர் கலந்தது நல்லது. ஆனால் அதில் வியர்வை நாற்றம் தங்கும். அன்றன்றே அலசிவிட வேண்டும். முக்கால் மணி நேரம் நடந்துவிட்டு வீட்டுக்கு வந்து குளிக்கிற என்னைப் போன்றவர்களுக்குப் பருத்தியே போதும்.

பேண்ட்டை ரோஸில் எடுக்கவில்லை, கருநீலம் எடுத்தேன். நம் ஊர் செம்மண்ணும் மழைக்காலச் சேறும் வெளிர் பேண்ட்டை ஒரே வாரத்தில் தீர்த்துவிடும். அதையும் ஆண்கள் பகுதியில்தான் எடுத்தேன். காரணம் பாக்கெட். பெண்கள் டிராக் பேண்ட்டுக்குப் பாக்கெட் வைக்க வேண்டும் என்று இன்னும் பல கம்பெனிக்காரர்களுக்குத் தோன்றவில்லை. வைத்தாலும் ஐந்து ரூபாய்க் காசு போடுகிற அளவுக்கு வைக்கிறார்கள். ஜிப் வைத்த பாக்கெட் இருந்தால் போனும் சாவியும் உள்ளே போய்விடும், இரண்டு கையும் நமக்குக் கிடைத்துவிடும். பருத்தியோடு ஐந்து சதவீதம் ஸ்பாண்டெக்ஸ் கலந்திருந்தால் உட்கார்ந்து எழ இழுபடும், முட்டியில் தொங்காது.

இப்போது கலருக்கு வருகிறேன். ஜவுளிக்கடையில் ரோஸ் என்றால் பத்து விதம் எடுத்துப் போடுவார்கள். வெளிர் ரோஸ், வெங்காயத் தோல், ராணி கலர், வாடாமல்லி. நடக்கப் போக ராணி கலரும் வாடாமல்லியும் வேண்டாம் என்பேன். காரணம் அழகு அல்ல. விடியுமுன் எழுந்து தோட்டத்தில் சிவப்புச் செம்பருத்தியைப் பாருங்கள். பூ கறுப்பாகவும், இலை அதைவிட வெளுப்பாகவும் தெரியும். விடிய விடியத்தான் பூ சிவக்கும். மங்கலான வெளிச்சத்தில் நம் கண் சிவப்பை விட்டுவிட்டு நீலம், பச்சைப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. செக் நாட்டு விஞ்ஞானி புர்கின்யே இருநூறு வருடத்துக்கு முன்னால் கண்டு சொன்னது இது. இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். அதனால் கடையில் ட்யூப் லைட்டில் பளிச்சென்று இருக்கிற ராணி கலர், ஐந்தரை மணி இருட்டில் கறுப்புச் சட்டை மாதிரிதான். வெளிர் ரோஸில் வெள்ளை நிறையக் கலந்திருக்கிறது, அது இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் திருப்பிக் கொடுக்கும். முதல் ஷிப்டுக்குப் பைக்கில் பறக்கிற பையன்கள் நம்மைப் பார்க்க வேண்டுமே.

இதையும்விட நல்ல காரியம் ஒன்று இருக்கிறது. சுரங்கத்தில் வேலை செய்கிறவர்கள் மேல்சட்டையில் விளக்குப் பட்டால் மின்னுகிற பட்டை இருக்குமே, அந்த மாதிரி. சைக்கிள் கடையில் ரேடியம் ஸ்டிக்கர் என்று கேளுங்கள். (பேர்தான் ரேடியம், அதில் ரேடியம் ஒரு துளியும் கிடையாது.) ஷூவின் பின்பக்கம் ஒரு துண்டு ஒட்டிவிடுங்கள். மார்பில் ஒட்டுவதைவிடக் குதிகாலில் ஒட்டுவது மேல். மேலும் கீழும் ஆடுகிற வெளிச்சத்தைப் பார்த்ததும் வண்டிக்காரருக்கு இது ஆள் நடக்கிறது என்று புரிந்துவிடும்.

உறவுக்காரர் கேட்டதைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா. "ஏம்மா, இந்த வயசுல ரோஸ் கலரு கேக்குதா உனக்கு?" என்றார். வயசு என்றுதான் சொன்னார். அவர் சொல்ல வந்தது வயசு அல்ல என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் வீட்டுக்காரர் போய் ஆறு வருடம் ஆகிறது. பூவும் பொட்டும் பற்றி யாரும் நேரடியாகச் சொல்லவில்லை, காலம் மாறியிருக்கிறது. ஆனால் யார் வீட்டு விசேஷத்துக்கும் எனக்கு எடுத்து வைக்கிற சேலை சந்தனக் கலர், சாம்பல் கலர், காப்பிக் கலர். அன்போடுதான் கொடுக்கிறார்கள். பீரோவில் ஆறு வருடச் சேலைகளை அடுக்கினால் மழைக்கால வானம் மாதிரி இருக்கிறது. அவர் இருந்த முப்பத்திரண்டு வருடத்தில் நான் என்ன கலர் கட்டினேன் என்று ஒரு நாளும் அவருக்குத் தெரியாது. இரண்டாம் சுரங்கத்தில் ஷிப்ட் முடித்து வருகிற மனிதருக்கு சோறும் தூக்கமும்தான் தெரியும். அவருக்கே தெரியாத கலரை அவருக்காக நான் விட வேண்டும் என்பது எனக்குப் புரியவில்லை. கேட்டவர் இதைப் படிப்பார். படிக்கட்டும். அவர் மேல் கோபம் இல்லை. அடுத்த தடவை சேலை எடுக்கும்போது கலரை என்னிடம் கேட்டுவிட்டு எடுத்தால் போதும்.

ரோஸ் என்றால் குமரிப் பெண்கள் கலர் என்பதும் அப்படி ஒன்றும் பழைய வழக்கம் அல்ல. 1918-ல் அமெரிக்காவில் குழந்தைத் துணி வியாபாரிகளுக்கான ஒரு பத்திரிகை, ரோஸ் அழுத்தமான கலர், அதனால் ஆண் பிள்ளைக்கு, நீலம் மென்மையானது, அதனால் பெண் பிள்ளைக்கு என்று எழுதியது. பிறகு கடைக்காரர்களே மாற்றிக்கொண்டார்கள். மூன்றாம் வகுப்பில் கிரேயான் பெட்டி திறந்தால் முதலில் தேய்ந்து போகிற குச்சிகளில் ரோஸ் நிச்சயம் இருக்கும், பையன்கள் பெட்டியிலும்தான். இப்போது நம்மூரில் ரோஸ் என்றால் பஸ். 2021-ல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனது, அடுத்த வருடம் சென்னையில் தூரத்திலேயே அடையாளம் தெரியட்டும் என்று அந்தப் பஸ்களுக்கு முன்னும் பின்னும் ரோஸ் பெயிண்ட் அடித்தார்கள். அந்தக் கலரைப் பார்த்துக் கை காட்டி ஏறுகிற பெண்களில் என் வயசுக்காரர்கள் எத்தனையோ பேர்.

ஆனால் ரோஸுக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். 2015-ல் நியூயார்க் நகராட்சியின் நுகர்வோர் துறை, ஆண்களுக்கு விற்கிற பொருளையும் அதே மாதிரி பெண்களுக்கு விற்கிற பொருளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டது. ஏறக்குறைய 800 பொருள். சராசரியாகப் பெண்கள் பொருளுக்கு 7 சதவீதம் விலை கூட. பிங்க் டாக்ஸ் என்று அதற்குப் பேரே வைத்துவிட்டார்கள். கடையில் ஒரே டம்பெல், ஒரே பாட்டில், ரோஸ் கலரில் விலை கூட இருந்தால் கறுப்பை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

பேத்திக்கும் அதுதான் பதில். ரோஸ் டம்பெல் அழகாகத்தான் இருக்கிறது. பெண்களுக்கு என்று வைத்திருக்கிற அந்த ரோஸ் வரிசை அரைக் கிலோ, ஒரு கிலோவோடு நின்றுவிடுகிறது. மளிகைக் கடையிலிருந்து ஐந்து கிலோ அரிசிப் பையைத் தூக்கி வருகிற கைக்கு அரைக் கிலோ எதற்கு? ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பினால் ஒரு கிலோ, காய்ந்த மணல் நிரப்பினால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல். அதில் ஆரம்பித்து, பழகிய பிறகு எடை கூட்டலாம். நடப்பது மட்டும் போதாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன கணக்கு: வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான வேகத்தில் நடை, இரண்டு நாளாவது தசைக்கு வேலை. 65 தாண்டியவர்கள் வாரம் மூன்று நாள் விழாமல் நிற்பதற்கான பயிற்சியும் செய்ய வேண்டும். சுவரைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பதற்கு எந்தக் கடையிலும் ஒன்றும் வாங்க வேண்டாம்.

ரப்பர் பேண்டு வாங்குகிறவர்கள் கலரைப் பார்த்து வாங்கவே கூடாது. அதில் கலர் என்பது இழுவையைக் குறிக்கிறது, அதுவும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரு கம்பெனியில் ரோஸ் என்றால் லேசு, இன்னொன்றில் அதே ரோஸ் நடுத்தரம். அட்டையில் எழுதியிருப்பதைப் படியுங்கள். நம்மூர் வெயிலில் ரப்பர் சீக்கிரம் வெடிக்கும், வெடிப்பு கண்டால் தூக்கி எறிந்துவிடுங்கள். முகத்தில் அடித்தால் கண் போய்விடும். யோகா பாய்க்கு மட்டும் சரி என்று சொல்லியிருக்கிறேன், ஆறு மில்லிமீட்டர் கனத்தில். வீட்டு ஜமக்காளம் சிமெண்டுத் தரையில் நிற்கும், டைல்ஸில் வழுக்கும். கலர் அவள் இஷ்டம்.

ஷூவில் கலர் பார்க்காதீர்கள், விலையும் ரொம்பப் பார்க்காதீர்கள். சாயங்காலம் போய் வாங்குங்கள், அப்போதுதான் கால் வீங்கி முழு அளவில் இருக்கும். நின்று பார்க்கும்போது விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். ஷூவை இரண்டு கையாலும் வளைத்தால் விரல் மடங்குகிற இடத்தில் மடங்க வேண்டும், நடுவில் மடங்கினால் வேண்டாம்.

இனி எழுதுவது பெண் பிள்ளை வைத்திருக்கிற என் மாணவிகளுக்கு. ஆண்களும் படிக்கலாம், உங்களுக்கும் மகள் இருக்கிறாள். ஐந்தாம் வகுப்பு வரை விளையாட்டு பீரியட் மணி அடித்தால் பெண் பிள்ளைகள்தான் முதலில் மைதானத்தில் நிற்பார்கள். ஏழாம் வகுப்பு வந்ததும் ஒவ்வொருத்தியாக மரத்தடியில் உட்கார ஆரம்பிப்பார்கள். எங்கள் பள்ளியில் ஒருத்தி நூறு மீட்டரில் பையன்களையும் முந்துவாள். பதின்மூன்று வயதில் விளையாட்டு பீரியட் தோறும் வயிற்றுவலி. வயிற்றில் ஒன்றும் இல்லை. வெள்ளைச் சட்டை, உள்ளே சரியான உடுப்பு இல்லை, ஓடினால் வலிக்கிறது, ஓரத்தில் நிற்கிற பையன்கள் சிரிக்கிறார்கள். அவள் அம்மாவைக் கூப்பிட்டுத் தனியாகச் சொன்னேன். "ஓடி என்ன டீச்சர் ஆவப் போவுது" என்றார் அந்த அம்மா. அத்தோடு அவள் ஓட்டம் நின்றது.

ஓடுகிற பெண்களுக்கு என்று ஒரு மார்புக் கச்சை வேண்டும் என்பதே உலகத்துக்கு 1977-ல்தான் தோன்றியது. அமெரிக்காவில் லிசா லிண்டால் என்ற பெண்ணும் அவர் தோழிகள் இருவரும், ஆண் விளையாட்டு வீரர்கள் போடுகிற இரண்டு உள்ளுடுப்புகளைச் சேர்த்துத் தைத்து முதல் ஸ்போர்ட்ஸ் பிராவை உண்டாக்கினார்கள். இன்று அது முன்னூறு ரூபாய்க்கு மெயின் பஜாரிலும் கிடைக்கிறது. வாங்கும்போது தோள்பட்டையைப் பார்க்காதீர்கள், மார்புக்குக் கீழே சுற்றி வருகிற பட்டை அகலமாக இருக்கிறதா என்று பாருங்கள். தாங்குவது அதுதான். போட்டுக்கொண்டு பத்துத் தடவை குதித்துப் பார்க்கட்டும். வலிக்காமல், மூச்சு முட்டாமல் இருந்தால் சரியான அளவு. எலாஸ்டிக் தளர்ந்தால் மாற்றிவிட வேண்டும். மகள் ரோஸ் கேட்டால் ரோஸ் வாங்கிக் கொடுங்கள். அவளைக் கேட்காமல் அலமாரியில் ஒளித்து வைத்துவிட்டுப் போகாதீர்கள், கூடவே அழைத்துப் போய் வாங்குங்கள். அன்று ஓட்டத்தை நிறுத்தியவளுக்கு இப்போது நாற்பத்து மூன்று வயது. போன தை மாதத்திலிருந்து என்னோடு நடக்கிறாள். ஸ்டேடியம் திருப்பம் வந்தால் என்னை விட்டுவிட்டுக் கொஞ்ச தூரம் ஓடிவிட்டுத் திரும்பி வருகிறாள். டீ-ஷர்ட் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்ட இரண்டு பேரில் ஒருத்தி அவள்தான்.

ஏன் இரண்டே டீ-ஷர்ட், விலை குறைவுதானே, ஆறாக எடுக்கலாமே என்று தோன்றும். திருப்பூரில் துணிக்குச் சாயம் போட்ட தண்ணீர் நொய்யலில் எத்தனை வருடம் போனது என்பது உங்களுக்குத் தெரியும். ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய தண்ணீர் விவசாயத்துக்கே உதவாமல் போனது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னது. சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்து திரும்ப உபயோகிக்க வேண்டும், ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது என்பதுதான் இன்றைய விதி. அந்தச் செலவும் நாம் கொடுக்கிற 280-க்குள் வர வேண்டும். எனக்கு இரண்டு போதும்; ஒன்று கொடியில், ஒன்று உடம்பில்.

கொடி என்றதும் ஞாபகம் வந்தது. ரோஸ் சீக்கிரம் வெளுக்கிற கலர். முதல் இரண்டு தடவை தனியாக அலசுங்கள். உள்பக்கத்தை வெளியே திருப்பி, குளிர்ந்த தண்ணீரில் துவைத்து, நிழலில் காயப் போடுங்கள். ப்ளீச்சிங் பக்கமே போக வேண்டாம். சாயம் நிற்பதற்குக் கல் உப்புத் தண்ணீரில் ஊறவைப்பது நம் வீடுகளில் பழக்கம். உப்பு வேலை செய்வது பட்டறையில் சாயம் ஏற்றும்போதுதான். வீட்டு வாளியில் அது உப்புத் தண்ணீர் மட்டுமே.

இதைப் படித்துவிட்டு சிங்கப்பூரிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் யாரும் எனக்குப் பார்சல் அனுப்ப வேண்டாம். உங்கள் அம்மாவுக்கு, மாமியாருக்கு, அத்தைக்கு வாங்கிக் கொடுங்கள். கலரை அவர்களிடமே கேளுங்கள். சைஸ் மட்டும் அவர்கள் சொல்வதை நம்பாதீர்கள். ஒன்று குறைத்துத்தான் சொல்வார்கள்.